தீர்மான நோட்டில் ஏறாத வியாதி

1996 ஆகஸ்ட் 28 அன்று, வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. அன்றைய வடஆர்க்காடு அம்பேத்கர் மாவட்டம் உள்ளிட்ட ஐந்து மாவட்டங்களில் இருந்த தோல் தொழிற்சாலைகள் தலா 10,000 ரூபாய் மாசு அபராதம் கட்ட வேண்டும் என்றது. பிறகு அமைந்த சூழல் இழப்பு ஆணையம் வேலூர்ப் பகுதியில் பாதிக்கப்பட்ட 29,193 பேருக்குச் சுமார் 26.82 கோடி ரூபாய் இழப்பீடு கணக்கிட்டது. வகுத்துப் பார்த்தால் ஒருவருக்கு 9,200 ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. 2005-இல் தேசிய ஊரகச் சுகாதார இயக்கம் வந்தது. கிராமந்தோறும் சுகாதாரக் குழு, ஒவ்வொரு குழுவுக்கும் ஆண்டுக்கு 10,000 ரூபாய் என்று அது வகுத்தது.

இந்த மூன்று தொகைகளுக்கும் சட்டப்படி ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனாலும் பாலாற்றங்கரையில் நின்று பார்க்கிறவர் கண்ணுக்கு மூன்றும் ஒரே வரிசையில்தான் தெரியும். கெடுத்ததற்கு, கெட்டதற்கு, கெடாமல் காப்பதற்கு என்று எல்லாவற்றுக்கும் ஏறக்குறைய ஒரே விலை. இங்கே பேச வந்தது மூன்றாவது பத்தாயிரத்தைப் பற்றி.

அதற்கு அலுவலகத்தில் ‘அன்டைடு ஃபண்ட்’ என்று பெயர். முடிச்சுப் போடாத பணம். ஊராட்சித் தலைவரும் கிராம சுகாதாரச் செவிலியரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டு எடுப்பார்கள். மற்ற மாநிலங்களில் ஆஷா பணியாளர் செய்கிற வேலையைத் தமிழ்நாட்டில், மலைப்பகுதிகள் நீங்கலாக, இந்தச் செவிலியரும் மகளிர் குழுக்களுமே பார்த்துக்கொள்கிறார்கள். நகரங்களுக்கு 2013-இல் வந்த நகர்ப்புறச் சுகாதார இயக்கம் குடிசைப் பகுதிப் பெண்கள் குழுவுக்கு ஆண்டுக்கு 5,000 ரூபாய் என்று நிர்ணயித்தது. கிராமத்துப் பத்தாயிரத்தை ஆயிரம் பேர் வசிக்கும் ஊரில் வகுத்தால் தலைக்குப் பத்து ரூபாய். ஒரு டீக்குக்கூடப் போதாது.

தொகை சிறியது என்று சொல்லி முடித்துவிடுவது எளிது. ஆனால் அந்த யோசனைக்குள் ஒரு நல்ல புத்தி இருக்கிறது. டெண்டர் கிடையாது, மாவட்டத் தலைநகர் வரை கோப்பு போக வேண்டியதில்லை. நாலு பேர் உட்கார்ந்து, ‘நம் தெருவுக்கு இது வேண்டும்’ என்று தீர்மான நோட்டில் எழுதினால் போதும். மிகவும் ஏழைக் குடும்பத்தின் மருத்துவத் தேவைக்குக்கூட அந்தப் பணத்தைக் கொடுக்கலாம் என்று விதி சொல்கிறது. அரசுப் பணத்தில் இவ்வளவு நம்பிக்கை வைத்துக் கொடுக்கப்படும் பணம் மிகக் குறைவு.

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம் பக்கம் அந்த நம்பிக்கைக்கு இன்னொரு நியாயமும் உண்டு. உருது பேசும் வீடுகளில் கூடத்தைத் தாண்டிச் சமையலறை வரை போகக்கூடியவர் பக்கத்து வீட்டுப் பெண்தான். யாருக்கு ஒரு பக்கம் கை கால் விழுந்திருக்கிறது, எந்த அம்மா சுகர் மாத்திரையை நிறுத்திவிட்டுக் கஷாயத்துக்குப் போய்விட்டார், எந்த வீட்டில் கல்யாணப் பிரியாணிக்குப் பிறகு மூன்று நாள் தல்சாதான் என்பதெல்லாம் எந்தக் கணக்கெடுப்புக்கும் முன்பாகக் குழுவுக்குத் தெரியும். வெளியூரிலிருந்து வரும் டாக்டருக்கு அது ஆறு மாத வேலை.

ஆனால் இந்த நிதி வேறொரு காலத்து நோய்களை மனதில் வைத்துப் பிறந்தது. வயிற்றுப்போக்கு, காய்ச்சல், பிரசவ மரணம் என்று கண்ணுக்குத் தெரிந்த எதிரிகள் அவை. அவற்றுக்குப் பிளீச்சிங் பவுடர் வாங்கலாம், சாக்கடை தூர்வாரலாம், பில் வாங்கி ஒட்டலாம். சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் பருவம் இல்லை, புகை அடிக்கும் மருந்தும் இல்லை. அவற்றைத் தடுக்கத் தேவைப்படுவது ஒரு ஆளின் நேரம்: வாரம் ஒருமுறை ஒரே வீட்டுக்குப் போய், பொறுமையாக அதே பேச்சை மறுபடி பேசுவது. அதற்கு எந்தக் கடையில் பில் கிடைக்கும்? இப்படித்தான் விதிப்புத்தகத்தில் முடிச்சில்லாமல் கிளம்பிய பணத்துக்கு வவுச்சர் கட்டத்தில் முடிச்சு விழுகிறது. செலவழித்த அளவுக்குத்தான் அடுத்த ஆண்டு நிரப்பித் தரப்படும் என்ற விதியும் சேர்ந்துகொள்ள, யோசித்து நிறுத்திவைத்த குழு நஷ்டப்படும். மார்ச் மாதம் பேனர் அடித்த குழு தப்பிக்கும்.

வேலூரில் நோய் காத்திருக்கவில்லை. கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியினர் வேலூர் நகரிலும் அருகிலுள்ள கிராமப்புறத்திலும் 1991-94-இல் ஒருமுறையும் 2010-12-இல் மறுமுறையும் எடுத்த ஆய்வுகளை ஒப்பிட்டால், கிராமத்தில் சர்க்கரை நோய் ஏறக்குறைய மூன்று மடங்காகியிருக்கிறது. நகரத்தில் சுமார் இரண்டு மடங்கு. கே.வி.குப்பத்தில் 1977-இலிருந்து கிராம நலப் பணி செய்துவரும் ‘ருசா’வைப் பெற்றெடுத்த அதே கல்லூரிதான் இது. மருத்துவத்துக்குப் பேர்போன ஊரைச் சுற்றியுள்ள கிராமங்களிலேயே இந்தக் கதை.

இந்தத் தோல் வட்டாரத்துக்கென்று ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. அதைத் திட்டம் எழுதுகிறவர்கள் பார்ப்பதே இல்லை என்பது என் குறை. இங்கே பெண்களில் பலர் பகலில் வீட்டில் இல்லை, ஷூ கம்பெனியில் இருக்கிறார்கள். காலையில் கம்பெனி பஸ், வேன், ஷேர் ஆட்டோ என்று ஏறிப் போகிறவர்கள் திரும்பும்போது விளக்கு வைக்கும் நேரம். குழுக் கூட்டமோ செவிலியர் வரும் பகல் நேரத்தில் நடக்கும். வந்து உட்காருகிறவர்கள் வயதானவர்களும் கைக்குழந்தைக்காரிகளும். நாள் முழுக்க நின்றோ குனிந்தோ வேலை செய்து, அவசரத்தில் அள்ளிப் போட்டுக்கொண்ட சோற்றோடு நாற்பது வயதைத் தொடும் பெண்தான் தடுப்பு முயற்சிக்கு முதல் ஆள். அவள் பெயர் தீர்மான நோட்டில் வராது. வீட்டிலேயே உட்கார்ந்து ஜோடிக் கணக்கில் கூலி வாங்கி ஷூவின் மேல்பாகம் தைக்கும் பெண்ணிடம் ‘தினம் முக்கால் மணி நேரம் நடங்க அம்மா’ என்று சொன்னால், அந்த முக்கால் மணிக்கு எத்தனை ஜோடி என்று அவள் கணக்குப் போடுவாள். அவள் கணக்கில் தப்பில்லை.

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ ஒரு விஷயத்தைச் சரியாகப் பிடித்தது: நேரத்துக்குக் காசு கொடுக்க வேண்டும். மகளிர் குழுக்களிலிருந்தே பெண் சுகாதாரத் தன்னார்வலர்களை எடுத்து, தொடக்கத்தில் மாதம் 4,500 ரூபாய் ஊக்கத்தொகை கொடுத்து, மாத்திரையை வீட்டுக்கே கொண்டுபோக வைத்தார்கள். ஐ.நா. அமைப்பின் விருது 2024-இல் கிடைத்தது, தகுதியான விருதுதான். ஆனால் அதில் குழுவின் இடம் மாறிவிட்டது. முடிவெடுக்கிற சபையாக இருந்தது ஆள் அனுப்புகிற இடமாகிப்போனது. தன்னார்வலர் கையில் ரத்த அழுத்தக் கருவி இருக்கிறது, மாத்திரை இருக்கிறது, நிரப்ப வேண்டிய பதிவும் இருக்கிறது. ‘எங்கள் தெருவுக்கு இதை மாற்றிச் செய்வோம்’ என்று சொல்லும் உரிமை மட்டும் இல்லை. பழைய பத்தாயிரத்தில் உரிமை இருந்தது, கூலி இல்லை. புதிய திட்டத்தில் கூலி இருக்கிறது, உரிமை இல்லை. இரண்டையும் ஒரே கையில் கொடுத்துப் பார்க்க ஏன் யாருக்கும் தோன்றவில்லை?

குழுவால் எல்லாம் முடியும் என்று நானும் சொல்லவில்லை. கேரளத்தில் நெய்யாற்றின்கரை தாலுகாவில் 60 வாக்குச்சாவடிப் பகுதிகளில் 1,007 பேரை வைத்து ஒரு பெரிய சோதனை நடந்தது. பாதிப் பகுதிகளில், அண்டை அயலார் ஒருவரை ஒருவர் தூக்கிவிடும் குழுக்கள். இரண்டாண்டு கழித்துப் பார்த்தபோது சாப்பாட்டுப் பழக்கமும் குடியும் கொஞ்சம் திருந்தியிருந்தன. புதிதாகச் சர்க்கரை வந்தவர்கள் குழுப் பகுதிகளில் 14.9 சதவீதம், மற்றவற்றில் 17.1 சதவீதம். தற்செயல் அல்ல என்று அடித்துச் சொல்லப் போதாத வித்தியாசம். கிராமத்துக்குப் பத்தாயிரம் கொடுத்துவிட்டு நோய் குறைந்ததா என்று கேட்கிறவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பின்லாந்தின் வட கரேலியாவில் 1972-இல் தொடங்கிய முயற்சியை எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். வேலை செய்யும் வயதுள்ள ஆண்களின் இதய நோய் மரணம் அங்கே நாற்பது ஆண்டுகளில் 80 சதவீதத்துக்கு மேல் குறைந்தது. அங்கும் இல்லத்தரசிகளின் ‘மார்த்தா’ சங்கம் வீடு வீடாகச் சமையலை மாற்றியது. ஆனால் கூடவே பால் பண்ணைக்காரர்களைப் பெர்ரி பயிரிடத் திருப்பினார்கள், உணவுக் கம்பெனிகளோடு பேசி உப்பையும் கொழுப்பையும் குறைத்தார்கள். சங்கத்துப் பெண்கள் சொன்னதைக் கடைக்காரர் எதிர்த்து நிற்கவில்லை. நம் ஊரில் அந்தக் கடைக்காரர் இடத்தில் இருப்பது கம்பெனி.

கம்பெனியிடமும் பணம் இருக்கிறது. 2013 கம்பெனிச் சட்டப்படி, பெரிய நிறுவனங்கள் லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகத்துக்குச் செலவிட வேண்டும். நோய்த் தடுப்பும் அந்தப் பட்டியலில் உண்டு. ஆனால் தன் ஊழியர்களுக்கு மட்டும் பயன்படும் செலவு அந்தக் கணக்கில் சேராது. ஏமாற்றைத் தடுக்கப் போட்ட நியாயமான விதிதான். ஆயினும் தொழிலாளியே ஊராகவும் ஊரே தொழிலாளியாகவும் இருக்கிற இந்த வட்டாரத்தில், நோய் வரப்போகிற பெண்ணைக் கம்பெனிக்குள் தேடினால் அவள் ஊழியர், தெருவில் தேடினால் அவள் இல்லை. இந்தச் சட்டத்துக்கு முந்தைய கொடை மரபும் இங்கே பெரியதுதான். வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரி 1919-இலிருந்து நிற்கிறது. தோல் வணிகர்களின் கைப்பணம் பள்ளிக்கூடமாகவும் ஆஸ்பத்திரியாகவும் ஊருக்கு வந்திருக்கிறது. கட்டடத்தில் சலவைக்கல் பதிக்கலாம். வராத பக்கவாதத்துக்கு எங்கே கல் பதிப்பது?

என்னைக் கேட்டால், தொகையைக் கூட்டுவதைவிட அது எதை வாங்குகிறது என்பதை முதலில் மாற்றலாம். ஆண்டுக்கு ஒரு பத்தாயிரம் கொடுப்பதைவிட மூன்றாண்டுக்குச் சேர்த்துக் கொடுக்கலாம். பாதியைப் பெண்களின் நேரத்துக்குக் கூலியாகவே எழுத விடலாம். பில் கேட்பதற்குப் பதிலாக, போன வருஷம் மாத்திரையை விட்டவர்களில் எத்தனை பேர் திரும்பி வந்தார்கள் என்று கேட்கலாம். கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமைக்கோ, கம்பெனி பஸ் நிற்கும் இடத்துக்கோ மாற்றலாம். 2024-இல் அரசே பணியிடங்களுக்குப் போய்ப் பரிசோதிக்கும் திட்டத்தைத் தொடங்கியிருப்பதால், இது நடக்காத காரியம் இல்லை.

தோல் தொழிற்சாலைகளின் கழிவால் இந்த வட்டாரத்தில் கெட்ட விளைநிலம் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் என்று 1996 தீர்ப்பிலேயே எழுதப்பட்டிருக்கிறது. அந்த வழக்கின் வாலைப் பிடித்து 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் மறுபடி பேசியது: பாக்கி இழப்பீட்டைக் கொடுக்க வேண்டும், ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் குழு அமைக்க வேண்டும். நிலத்துக்கும் நீருக்கும் ஒரு கணக்கு, உடம்புக்கு வேறொரு கணக்கு என்று அந்தப் பணமும் தனி ரசீதில்தான் போகப் போகிறது.

இதற்கிடையே, 250 பேருக்கு மேல் வேலை செய்தால் கேன்டீன் வேண்டும் என்று 1948 தொழிற்சாலைச் சட்டம் சொல்லிவைத்தது. அந்தக் கேன்டீனில் ஊறுகாயும் அப்பளமும் எவ்வளவு என்று கேட்க எந்தக் கிராமக் குழுவுக்கும் அதிகாரம் இல்லை. அவர்கள் நோட்டு கம்பெனி கேட்டோடு நின்றுவிடுகிறது. உள்ளே மத்தியானச் சாப்பாட்டுக்கு மணி அடிக்கிறது.