உறிஞ்சலும் உந்தலும்: டீசல் டிரக்கில் வெளிப்பம்பு பொருத்துதல் குறித்த மதிப்பீடு

டீசல் எஞ்சினில் எரிபொருளை உயர் அழுத்தத்தில் பீய்ச்சுவதற்கு இன்ஜெக்‌ஷன் பம்பும், அதற்கு டேங்கிலிருந்து டீசலைக் கொண்டுசேர்க்க லிஃப்ட் பம்பு எனப்படும் சிறிய பம்பும் உண்டு. தொழிற்சாலை தந்த லிஃப்ட் பம்பை நீக்கிவிட்டோ, அது இல்லாத வண்டியில் புதிதாகவோ, பிற நிறுவனங்களின் மின்பம்பை, அதாவது வெளிப்பம்பை, டேங்க் குழாயில் இணைக்கும் வழக்கம் அமெரிக்க பிக்கப் டிரக் உரிமையாளர்களிடையே பரவலாக உள்ளது. இதன் நன்மை தீமைகள் பம்பின் திறனைக் காட்டிலும் அது அமரும் இடத்தையும் அதற்கு முன்னுள்ள இணைப்புகளையும் பொறுத்தே அமைகின்றன.

வெளிப்பம்பின் தேவையை உருவாக்கியது மூல வடிவமைப்பின் குறையே. 1998-இன் நடுப்பகுதி முதல் 2002 வரை வந்த டாட்ஜ் ராம் வண்டிகளின் 5.9 லிட்டர் கம்மின்ஸ் எஞ்சினில், லிஃப்ட் பம்பு டேங்கிலிருந்து தொலைவில், எஞ்சினை ஒட்டியே வைக்கப்பட்டிருந்ததால், நெடிய குழாய் முழுவதும் டீசலை உறிஞ்சியே இழுக்க வேண்டியிருந்தது. பம்பு உந்தும் அழுத்தத்தை வேண்டிய அளவு கூட்டலாம். உறிஞ்சும் விசையோ ஏறத்தாழ 14.7 பி.எஸ்.ஐ., அதாவது சதுர அங்குலத்துக்கு அத்தனை பவுண்டு என்னும் வளிமண்டல அழுத்தத்தை ஒருபோதும் மிஞ்ச முடியாது. அவ்வண்டிகளின் வி.பி.44 இன்ஜெக்‌ஷன் பம்புக்கு, அதனூடே பாயும் டீசலே மசகாகவும் குளிர்விப்பானாகவும் பயன்பட்டதால், லிஃப்ட் பம்பு தளர்ந்தபோது விலைமிகுந்த அப்பம்பும் சேர்ந்து பழுதாயிற்று. ஜெனரல் மோட்டார்ஸ் 2001-இல் அறிமுகப்படுத்திய டியூராமேக்ஸ் பிக்கப்புகளில் லிஃப்ட் பம்பே இல்லை. இன்ஜெக்‌ஷன் பம்பே டேங்கிலிருந்து டீசலை உறிஞ்ச வேண்டியிருந்தது.

டேங்கின் அருகே வண்டியின் அடிச்சட்டத்தில் பொருத்தப்படும் வெளிப்பம்பு, நெடிய குழாயின் பெரும்பகுதியை உறிஞ்சும் பக்கத்திலிருந்து உந்தும் பக்கத்துக்கு மாற்றுகிறது; நீர் பிரிப்பானையும் நுண்வடிகட்டியையும் உடன் கொண்டிருப்பதோடு, சில வகைகளில் டீசலில் கலந்த காற்றைப் பிரித்து டேங்குக்கே திருப்பியும் அனுப்புகிறது. இம்முறையின் மெய்யான வலிமை இதுவே.

ஆயினும் பம்புக்கு முன்னே எஞ்சும் சிறு பகுதியில்தான் குறைகள் குவிகின்றன. உந்தும் பக்கத்தில் இணைப்பு தளர்ந்தால் டீசல் சொட்டிக் காட்டிக்கொடுத்துவிடும். உறிஞ்சும் பக்கத்தில் தளர்ந்தாலோ வெளியே ஈரமே தெரியாமல் காற்று உள்ளே புக, காற்றைப் பிரிக்க வந்த கருவிக்கே காற்று ஊட்டப்படுகிறது. டேங்கின் மேற்பகுதியைத் துளைத்து இறக்கும் உறிஞ்சுகுழாயைக் குட்டையாக வெட்டினால், கால் டேங்க் டீசல் மீதமிருக்கும்போதே எஞ்சின் தடுமாறும்; அடியைத் தொடுமாறு நீட்டினால் கசடு ஏறும். திரும்பி வரும் டீசல் உறிஞ்சுகுழாயின் வாயருகே கொட்டுமானால், நுரை மீண்டும் உள்ளிழுக்கப்படும். எஞ்சின் நின்றவுடன் பம்பையும் நிறுத்தும் மூலக் கட்டுப்பாட்டுக் கம்பியை விடுத்து, சாவியோடு நேராக இணைத்துவிட்டால், விபத்தில் குழாய் அறுந்த பின்னும் டீசல் பாய்ந்துகொண்டே இருக்கும்.

விற்பனையில் முன்வைக்கப்படும் அளவுகளும் ஆராயத்தக்கவை. மணிக்கு 150 கேலன், அதாவது சுமார் 568 லிட்டர் தரும் பம்பிலிருந்து, நெடுஞ்சாலையில் சீராகச் செல்லும் வண்டி எரிப்பது மிகச் சிறு பங்கே. மிச்சம் டேங்குக்கே திரும்புகிறது. ஆகவே சக்தி கூட்டப்படாத வண்டியில் பெரிய பம்பு தானே வேகத்தைக் கூட்டுவதில்லை. பாதுகாப்பு குறித்த எதிர்பார்ப்புக்கும் எல்லை உண்டு. 2011 முதல் 2016 வரையிலான டியூராமேக்ஸில் இடம்பெற்ற சி.பி.4 என்னும் இன்ஜெக்‌ஷன் பம்பு உடைந்தால் உலோகத் துகள்கள் எரிபொருள் அமைப்பு முழுவதும் பரவும். லிஃப்ட் பம்பு அதற்குத் தூய டீசலைத் தடையின்றித் தந்து ஒரு காரணத்தைக் குறைக்கலாமே தவிர, உடைந்த பின் துகள்களைத் தடுக்க இயலாது.

இவற்றை எடைபோட்டால், வி.பி.44 கொண்ட வண்டிக்கும் கனரக இழுவைக்கும் இம்மாற்றம் தகுதியானது என்றும், பிறவற்றில் தேவையை அளந்தபின் செய்யத்தக்கது என்றும் கொள்ளலாம். இன்ஜெக்‌ஷன் பம்பின் வாயிலில் அழுத்தமானி பொருத்தி, சுமையேற்றி மேட்டில் ஓட்டும்போது முள் எவ்வளவு இறங்குகிறது என்று பார்ப்பது, பம்பு வாங்குவதைவிட மலிவானது. வாங்கிய பின்னும் பொருத்துதல் சரியா என்பதை உணர்த்தக்கூடியது. அந்த அளவீடின்றி மாற்றப்படும் பம்பு பழைய குறையைத் தீர்த்ததா, புதிய குறையைச் சேர்த்ததா என்று எவராலும் சொல்ல இயலாது.