ரஷ்யப் பியானோ மரபும் அதன் அளவுகோலும்

ரஷ்யப் பியானோக் கலைஞர்கள் என்றாலே பலரும் விரல் வேகத்தையும் இடிமுழக்க ஒலியையும்தான் சொல்வார்கள். அந்த மரபின் ஆசிரியர்கள் மாணவரிடம் முதலில் கேட்டது வேறு: கருவி பாட வேண்டும். அந்தோன் ரூபின்ஸ்தைன், இத்தாலியப் பாடகர் ரூபினியின் சாரீரத்தைப் பியானோவில் கொண்டுவரப் பாடுபட்டவர். 1862-இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் இசைக் கல்லூரியை அவர் நிறுவினார். நான்கே ஆண்டுகளில் தம்பி நிக்கொலாய் மாஸ்கோவில் இன்னொன்றைத் தொடங்கினார்.

பியானோவைப் பாட வைப்பது லேசான காரியமல்ல. கட்டையை அழுத்தியதும் சுத்தியல் தந்தியைத் தட்டிவிட்டுத் திரும்பிவிடும். பிறகு அந்த ஸ்வரம் தேய்ந்துகொண்டேதான் போகும். வயலின் வில்லைப்போல் நீட்டிப் பிடிக்க வழியில்லை. முந்தைய ஸ்வரம் எவ்வளவு தேய்ந்திருக்கிறதோ அதைக் காதில் வாங்கி, அந்த அளவிலேயே அடுத்ததை எடுக்க வேண்டும். தோளிலிருந்து கையின் கனம் இறுக்கமின்றி விரல் நுனிக்கு இறங்க வேண்டும். இங்கே சாதகம் என்பது விரலுக்கு எவ்வளவோ, செவிக்கும் அவ்வளவு.

இந்த ஒரே இலக்குக்குப் பல வழிகள் இருந்தன. பெத்ரோகிராத் என்று பெயர் மாறியிருந்த செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் ஆசிரியர் நிக்கொலாயேவின் வகுப்பிலிருந்து யூதினா, ஸோஃப்ரோனித்ஸ்கி, ஷோஸ்தகோவிச் என ஒருவருக்கொருவர் சாயலே இல்லாத மூவர் வந்தார்கள். மாஸ்கோவில் இகூம்னோவின் சீடர் லெவ் ஓபோரின், 1927-இல் வார்சாவில் நடந்த முதல் ஷோப்பன் போட்டியை வென்றார். கோல்டன்வைஸரிடம் பயின்ற தத்தியானா நிக்கொலாயேவாவின் பாக் வாசிப்பைக் கேட்ட உந்துதலில்தான் ஷோஸ்தகோவிச் 24 பிரிலூட்களும் ஃபியூக்களும் எழுதினார்.

ஹைன்ரிக் நெய்காஸின் வகுப்பறையைப் பற்றி மட்டும் சற்று நின்று சொல்ல வேண்டும். இசையின் உருவம் மனத்தில் தெளிந்த பிறகே கை கட்டைக்குப் போகலாம் என்பது அவர் கொள்கை. அவரிடம் வந்த இருவர் எமில் கிலெல்ஸும் ஸ்வியாத்தஸ்லாவ் ரிக்டரும். இருவரும் ஒதேஸாவில் வளர்ந்தவர்கள். கிலெல்ஸ் சிறு வயதிலிருந்தே கண்டிப்பான முறைப்படி பயின்று, 1933-இல் அனைத்து சோவியத் போட்டியில் முதல் பரிசு பெற்றவர். ரிக்டருக்கு அப்படி ஒழுங்கான பயிற்சி கிடைக்கவில்லை. பெரும்பாலும் தானாகவே கற்று, ஓப்பரா அரங்கில் பாடகர்களின் ஒத்திகைக்கு வாசித்துக்கொண்டிருந்தவர், 1937-இல் 22 வயதில் மாஸ்கோ வந்து நெய்காஸின் முன் அமர்ந்தார். அரசியல் பாட வகுப்புகளுக்குப் போக மறுத்ததால் கல்லூரியிலிருந்து நீக்கப்பட்டபோதும் ஆசிரியர் அவரைக் கைவிடவில்லை.

இசையமைப்பாளர் புரோகோஃபியேவ் தமது ஏழாம் ஸொனாட்டாவின் முதல் அரங்கேற்றத்தை 1943-இல் ரிக்டரிடம் ஒப்படைத்தார். நான்கே நாளில் அதைப் பாடம் செய்தார் ரிக்டர். மறு ஆண்டு எட்டாம் ஸொனாட்டா கிலெல்ஸுக்குப் போனது. கிலெல்ஸின் ஒலி கெட்டியானது, உருண்டது. வாக்கியத்தின் முடிவு எங்கே என்று முதல் ஸ்வரத்திலேயே தெரிந்துவிடும். ரிக்டர் நேரத்தையே வளைப்பவர். ஷூபர்ட்டின் பி ஃபிளாட் ஸொனாட்டாவின் முதல் பகுதியை ஏறத்தாழ 25 நிமிடத்துக்கு விரித்து வாசிப்பார். கேட்கிறவருக்கு அது நீளமாகத் தோன்றாது. 1957-இல் மாஸ்கோவில் அதைக் கேட்ட கனடியக் கலைஞர் கிளென் கூல்ட் மெய்மறந்துபோனார்.

ஒரே ஆசான், ஒரே நகரம், ஒரே காலம். வந்ததோ இரண்டு நாதம். ஒரு மரபின் தரத்தை இப்படித்தான் அளக்க வேண்டும் என்பது என் துணிபு. ஆசானின் நகல்களை மட்டும் பெருக்கும் பள்ளியை நான் பெரிதாக மதிக்க மாட்டேன்.

புரோகோஃபியேவின் எட்டாம் ஸொனாட்டாவை இருவருமே பதிவு செய்திருக்கிறார்கள். வாசகர்கள் அந்த இரண்டு பதிவுகளையும் ஒரே மாலையில், அடுத்தடுத்துக் கேட்க வேண்டும்.