கீமோவும் கரண்டும்: யாருக்கு இரண்டும்?

கர்ப்பப்பையை எடுத்த பிறகு கரண்டும் (கதிர்வீச்சு) வைக்க வேண்டும், கீமோவும் போட வேண்டும் என்று டாக்டர் சொன்னால் சென்னையை அடுத்த மீஞ்சூர் வீடுகளில் மறுபேச்சு அதிகம் இருக்காது. ‘என்னென்ன உண்டோ எல்லாத்தையும் செஞ்சிடுங்க’ என்பார்கள். உயிர்ப் பயத்தில் வரும் பேச்சு அது. குறை சொல்ல முடியாது. மருத்துவமும் அதே மனநிலையில் முடிவெடுக்கலாமா என்பதுதான் கேள்வி. கர்ப்பப்பையின் உட்சுவரில் வரும் புற்றுநோயைப் பற்றியே இங்கே பேசுகிறேன். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கு மருந்துக் கணக்கே வேறு.

இரண்டையும் சேர்த்துக் கொடுப்பதற்கு முக்கிய ஆதாரம் போர்டெக்-3 ஆய்வு. ஐரோப்பா, கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய இடங்களில் 2006 முதல் 2013 வரை 686 பெண்கள் இதில் சேர்ந்தார்கள். எல்லாருமே நோய் திரும்ப வரும் அபாயம் கூடுதலாக உள்ளவர்கள். ஒரு பாதிக்குக் கதிர்வீச்சு மட்டும். மறுபாதிக்குக் கதிர்வீச்சு நடக்கும்போதே இரண்டு முறை சிஸ்பிளாட்டின், முடிந்ததும் நான்கு முறை கார்போபிளாட்டினும் பேக்லிடாக்ஸலும். ஐந்தாண்டு கழித்து உயிரோடு இருந்தவர்கள், 2019-ல் வெளியான கணக்குப்படி, இரண்டும் பெற்றவர்களில் 81.4 சதவீதம், கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களில் 76.1 சதவீதம். ஏறக்குறைய இருபது பேருக்குக் கீமோ கொடுத்தால் ஒருவர் கூடுதலாகப் பிழைக்கிறார்.

சராசரி இங்கே நம்மை ஏமாற்றிவிடும். நோய் மூன்றாம் நிலைக்குப் போனவர்களிடம் இந்த வித்தியாசம் பத்து சதவீதப் புள்ளிகள். சீரஸ் வகைக் கட்டி உள்ளவர்களில் 52.8 சதவீதமாக இருந்தது 71.4 ஆக உயர்ந்தது. அதே பெண்களில் பலரின் கட்டித் துண்டுகளை மரபணு வாரியாகப் பிரித்துப் பார்த்த முடிவு 2020-ல் வந்தது. பி53 மரபணு கெட்டுப்போன கட்டி உள்ளவர்களில் ஐந்தாண்டு நோய் திரும்பாமல் இருந்தவர்கள் கதிர்வீச்சு மட்டும் என்றால் 36 சதவீதம், கீமோவும் சேர்ந்தால் 59. பிஓஎல்இ மரபணு மாற்றம் உள்ளவர்களோ எந்தச் சிகிச்சை பெற்றாலும் கிட்டத்தட்ட எல்லாருமே நோயின்றி இருந்தார்கள். எம்எம்ஆர் (டிஎன்ஏ பிழை திருத்தம்) குறைபாடு உள்ள கட்டிகளில் கீமோவால் ஆதாயமே தெரியவில்லை. நுண்ணோக்கியில் ஒரே மாதிரி தெரியக்கூடிய கட்டிகள் இவை; சிலருக்கு உயிர் காக்கும் மருந்து, சிலருக்கு வெறும் தண்டனை.

போர்டெக்-3 கேட்காமல் விட்ட கேள்வி ஒன்று உண்டு: கீமோ கொடுத்தால் கரண்ட் தேவையா? அதை அமெரிக்கக் குழு ஒன்றின் ஜிஓஜி-258 ஆய்வு கேட்டது. 2019-ல் வந்த பதில், முற்றிய நிலையினரில் ஐந்தாண்டு நோய் திரும்பாமல் இருந்தவர்கள் இரண்டும் பெற்றால் 59 சதவீதம், கீமோ மட்டும் பெற்றால் 58. கதிர்வீச்சு இடுப்புக்குள் நோய் திரும்புவதை நன்றாகவே தடுத்தது. ஆனால் நுரையீரல், கல்லீரல் போன்ற தூர உறுப்புகளில் நோய் தலைகாட்டியது இரண்டும் பெற்றவர்களிடம்தான் அதிகம். கதிர்வீச்சு முடியும்வரை முழுக் கீமோ காத்திருந்தது காரணமாக இருக்கலாம். பல டாக்டர்கள் இன்று கீமோவை முதலில் முடித்துவிட்டுக் கரண்டுக்கு அனுப்புவது இதை மனதில் வைத்துத்தான்.

இனி விலை. காப்பீட்டு அட்டை பணத்தைப் பார்த்துக்கொள்ளும். மற்றதை உடம்பு கட்ட வேண்டும். மீஞ்சூரிலிருந்து கரண்டுக்குப் போகிறவர் கும்மிடிப்பூண்டி லைன் மின்சார ரயிலில் ஏறி, எண்ணூர், திருவொற்றியூர், கொருக்குப்பேட்டை தாண்டி சென்ட்ரலில் இறங்க வேண்டும். எதிரே பொது மருத்துவமனை. 1934-ல் தொடங்கிய பர்னார்ட் கதிரியக்க நிலையம் அந்த வளாகத்தில்தான். வாரத்துக்கு ஐந்து நாள் வீதம் 25 முதல் 28 தவணை. மூன்றாவது வாரத்தில் பலருக்கு வயிற்றுப்போக்கு பிடித்துக்கொள்ளும், அடக்க முடியாமல் வரும். அந்த ரயில் பெட்டிகளில் கழிப்பறை கிடையாது. அதற்குப் பயந்து வீட்டிலேயே சாப்பிடாமல் கிளம்புகிற பெண்ணுக்கு ரத்த அளவு இறங்கி அடுத்த கீமோ தள்ளிப்போனால், அதற்கான காரணம் கேஸ் ஷீட்டில் ஏறாது.

போர்டெக்-3-இல் சிகிச்சைக் காலத்தில் கடும் பக்கவிளைவு இரண்டும் பெற்றவர்களில் 60 சதவீதம் பேருக்கு. கரண்ட் மட்டும் என்றால் 12. பெரும்பாலானவை ஆறிவிட்டன, ஆனால் பேக்லிடாக்ஸல் தரும் மரமரப்பு சிலருக்கு ஆண்டுக்கணக்கில் நின்றது. காலில் இருந்து செருப்பு நழுவியது தெரியாமல் நடப்பார்கள். காசிமேட்டில் இறால் உரிக்கிறவருக்கும் தையல் மிஷினில் உட்காருகிறவருக்கும் விரல் நுனிதான் பிழைப்பு. இந்த நோய் உடல் பருமனோடும் சர்க்கரையோடும் அடிக்கடி சேர்ந்து வருவது. சர்க்கரை ஏற்கெனவே நரம்பைத் தின்றிருந்தால் மரமரப்பு இன்னும் மோசமாகும்.

எனக்கு அதிகம் உறுத்துவது வேறொன்று. மாதவிடாய் நின்ற பிறகு ரத்தப்போக்கு என்று வரும் பெண்ணுக்குப் பயாப்ஸி பார்க்காமலே சிறு நர்சிங் ஹோம்களில் கர்ப்பப்பையை எடுத்துவிடுகிறார்கள். ரிப்போர்ட் வந்த பிறகுதான் புற்றுநோய் என்று தெரிகிறது. நிணநீர்க் கணுக்களை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். நோய் எவ்வளவு பரவியது என்று தெரியாத நிலையில், எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டும் எழுதப்படுகின்றன. அறுவை சிகிச்சைக்கு முன் செய்யாத வேலைக்கு அந்தப் பெண்ணின் நரம்பும் குடலும் ஈடு கட்டுகின்றன. இது போர்டெக்-3 சொன்ன சேர்க்கை அல்ல. அதன் பெயரில் நடப்பது மட்டுமே.

இரண்டையும் எதிர்ப்பதற்காக இதைச் சொல்லவில்லை. பி53 கெட்ட கட்டி, சீரஸ் வகை, கணுவுக்குப் பரவிய நோய் என்றால் தயங்காமல் இரண்டும் கொடுக்க வேண்டும்; ரயில் கஷ்டத்துக்காகப் பாதியில் விடக் கூடாது, மருத்துவமனைக்குப் பக்கத்தில் தங்க இடம் தேடித் தர வேண்டும். பி53-ஐயும் எம்எம்ஆரையும் சாயப் பரிசோதனையிலேயே பார்த்துவிடலாம், எடுத்த கட்டியின் மெழுகுக் கட்டை லேபில்தான் இருக்கிறது. பிஓஎல்இ பார்க்கத்தான் மரபணு வரிசைப்படுத்தல் வேண்டும். முதல் கீமோ தேதி குறிக்கும் முன் அந்த இரண்டு சாயங்களின் முடிவும் ஃபைலில் இருக்க வேண்டும் என்று காப்பீட்டுத் திட்டமே நிபந்தனை வைக்கலாம். எம்எம்ஆர் குறைபாடு உள்ள, நோய் கர்ப்பப்பையைத் தாண்டாத, சர்க்கரையால் ஏற்கெனவே பாதம் மரத்துப்போன அறுபது வயதுப் பெண்ணுக்குக் கரண்டோடு நிறுத்திக்கொள்ளலாம் என்று டாக்டர் துணிந்து எழுத அந்த முடிவே போதும்.