விடுபட்ட ஒரு சொல்

சட்ட வாசகத்தில் இலக்கிய விமர்சகனுக்கு என்ன வேலை என்று கேட்பவர்கள், 1819 மார்ச் 6ந் தேதி அமெரிக்க சுப்ரீம் கோர்ட் அளித்த மக்கல்லக் வழக்குத் தீர்ப்பைப் படித்துப் பார்க்கலாம். எழுதியவர் தலைமை நீதிபதி ஜான் மார்ஷல். அதன் முற்பகுதியை ஒரு சொல்லைப் பற்றிய விமர்சனம் என்றே சொல்வேன். நம் சர்வகலாசாலைக் கவிதை ஆராய்ச்சிகளில் இதில் கால் பங்கு கவனம்கூடக் கிடையாது.

மத்திய அரசு 1816ல் சாசனம் தந்த பாங்க்குக்குப் பால்டிமோரில் ஒரு கிளை இருந்தது. மேரிலாந்து மாநிலம் 1818ல் வரி போட்டது: நோட்டுகளை மாநில முத்திரைத் தாளில் அச்சடி, அல்லது ஆண்டுக்கு 15,000 டாலர் கட்டு. கேஷியர் மக்கல்லக் கட்டவில்லை. (அந்தக் காலத்துக் கேஷியர் எங்களைப்போல் கௌண்டரில் நோட்டு எண்ணுகிறவரல்ல, கிளையையே நடத்துகிறவர். பிற்பாடு கிளைப் பணத்தைச் சூறையாடச் சதி செய்ததாக இவர்மீதே வழக்கு வந்து, 1823ல் விடுதலையானார்.)

அரசியல் சட்டத்தில் பாங்க் என்ற சொல்லே இல்லை. தனக்குத் தரப்பட்ட அதிகாரங்களை நிறைவேற்ற 'அவசியமும் உரியதுமான' சட்டங்களைக் காங்கிரஸ் இயற்றலாம் என்றுதான் இருக்கிறது. அவசியம் என்றால் அதில்லாமல் முடியவே முடியாது என்று அர்த்தம் என்றது மேரிலாந்து. மார்ஷல் பிரதிக்குள்ளேயே பதில் தேடினார். மாநிலங்கள் இறக்குமதி வரி போடுவதைத் தடுக்கும் இடத்தில் 'முற்றிலும் அவசியமான' என்று வருகிறது. அங்கே அடைமொழி தேவைப்பட்டதென்றால், அடைமொழியற்ற அவசியம் அத்தனை இறுக்கமானதல்ல.

இதைவிட நுட்பமானது, இல்லாத சொல்லை அவர் படித்த விதம். 1781ல் அமலுக்கு வந்த பழைய கூட்டமைப்பு ஒப்பந்தம், 'வெளிப்படையாக' ஒப்படைக்கப்படாத அதிகாரங்களை மாநிலங்களுக்கே விட்டது. 1791ன் பத்தாவது திருத்தத்தில் அந்த 'வெளிப்படையாக' கிடையாது. தற்செயலுமல்ல. 1789ல் தென் கரோலினாவின் டக்கர் அதைச் சேர்க்கச் சொன்னார்; மாடிஸன் எதிர்த்தார்; பிரேரணை தோற்றது. ஆக, பாங்க் செல்லும், வரி செல்லாது என்று தீர்ப்பாயிற்று.

என் பாராட்டு இங்கே நின்றுவிடுகிறது. 'உரியது' என்பதை, 'அவசிய'த்தை இளக்கிக் காட்டவே மார்ஷல் பயன்படுத்திக்கொண்டார். அதற்கென்று ஒரு கனம் இருக்கக்கூடுமா என்று நிதானிக்கவில்லை. 2012ல் மருத்துவ இன்ஷூரன்ஸ் வழக்கில் அந்தச் சொல் எழுந்து வந்தது: இன்ஷூரன்ஸை வாங்கியே தீரவேண்டுமென்ற கட்டாயம் அவசியமாகவே இருந்தாலும் உரியதல்ல என்று எழுதினார் தலைமை நீதிபதி ராபர்ட்ஸ். கடைசியில் அது பிழைத்தது வரி போடும் அதிகாரத்தால்.

தீர்ப்பை வர்ஜீனியா நீதிபதி ஸ்பென்ஸர் ரோன் 'ஹாம்ப்டன்' என்ற பெயரில் பத்திரிகையில் தாக்கினார். 'அரசியல் சட்டத்தின் நண்பன்' என்ற பெயரில் பதில் எழுதியவர் வேறு யாருமல்ல, மார்ஷலேதான். புனைபெயரில் தன் எழுத்துக்குத் தானே வக்காலத்து வாங்குவது நம் சிறுபத்திரிகைகளின் கண்டுபிடிப்பு என்று நினைத்திருப்பவர்கள் கவனிக்க.

ரோன் தரப்பின் கறாரான வாசிப்பில் எனக்குள்ள அனுதாபம், அதன் உள்நோக்கம் தெரிந்ததும் வடிந்துவிடுகிறது. இப்படி நெகிழ்த்திப் படித்தால் காங்கிரஸ் நாளை அடிமைகளையும் விடுவிக்கலாமே என்று 1820ல் பயந்தார் ஜான் டெய்லர். ஒரு சொல்லின் அகலத்தில் மனிதர்களின் விலங்கு தொங்கிக்கொண்டிருந்தது. மார்ஷலும் அடிமைகளை வைத்திருந்தவர்தான்.

1832ல் ஜனாதிபதி ஜாக்ஸன், கோர்ட்டின் வாசிப்பு தன்னைக் கட்டுப்படுத்தாது என்று சொல்லி, சாசனத்தைப் புதுப்பிக்கும் மசோதாவை நிராகரித்தார். 1836ல் சாசனம் காலாவதியாயிற்று.