பிறப்புக்கு ஒரு பத்தி, பணிக்கு ஒரு வரி

குடியரசுத் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை உமக்கும் இல்லை, எனக்கும் இல்லை. அம்பத்தூர் தொழிற்பேட்டையிலே இயந்திரத்தோடு இயந்திரமாய் உழைத்துத் திரும்பும் தோழருக்கு இல்லை. ஆவடியிலே டாங்கி செய்யும் தொழிலாளிக்கும் இல்லை. வாக்களிப்போர் நாடாளுமன்ற உறுப்பினரும் சட்டமன்ற உறுப்பினருமே. இருந்தும் ஐந்தாண்டுக்கு ஒருமுறை, அந்தத் தேர்தல் வந்துற்றதும், நாளேடுகள் நம் வீட்டு வாயிலிலே வேட்பாளர்களைக் கொணர்ந்து நிறுத்துகின்றன. வாக்கற்ற நம்மிடம் அவர்களுக்கு என்ன வேலை? நம் கையிலே வாக்குச் சீட்டு இல்லையாயினும் கருத்து இருக்கிறதல்லவா! இவர் இன்னார், இவரை இப்படித்தான் பார்க்கவேண்டும் என்று அந்தக் கருத்துக்கு அச்சு வார்க்கும் வேலைதான் அது. வார்க்கப்படும் அச்சு எப்படிப்பட்டது என்பதைப் பார்ப்போம்.

1987ஆம் ஆண்டுத் தேர்தலை எடுத்துக்கொள்வோம். முதன்மை வேட்பாளர் இருவர். ஒருவர் ஆர். வெங்கட்ராமன், காமராசர் அமைச்சரவையிலே தொழில் அமைச்சராக இருந்தவர், பின்னர் நடுவண் அமைச்சர், குடியரசுத் துணைத் தலைவர். மற்றொருவர் வி. ஆர். கிருஷ்ணய்யர், 1957இல் அமைந்த கேரள அமைச்சரவையிலே இடம் பெற்றவர், உச்சநீதிமன்ற நீதிபதியாய் இருந்து, சிறைக் கைதியும் மனிதனே என்று தீர்ப்புகளில் நிலைநாட்டியவர். இருவரும் பிறப்பால் பார்ப்பனர். பின்னவரின் பெயரிலேயே அந்தப் பட்டம் ஒட்டிக்கொண்டிருந்தது. ஆராய்ந்து கண்டுபிடிக்க வேண்டிய தேவைகூட இல்லை! ஆனால் ‘பார்ப்பனர் எதிர் பார்ப்பனர்’ என்ற பெயர் அந்தப் போட்டிக்கு நிலைத்ததா? இல்லை. நிர்வாகத் திறன் ஒரு பக்கம், சட்டப் புலமை மறுபக்கம் என்றே அது நினைக்கப்பட்டது. சரிதான், அப்படித்தான் நினைக்கப்படவும் வேண்டும்.

முப்பது ஆண்டுகள் உருண்டன. 2017 ஜூனில் ராம்நாத் கோவிந்த் ஒரு பக்கம், மீரா குமார் மறுபக்கம். ஓடிற்று தலைப்பு: ‘தலித் எதிர் தலித்’! இந்தி ஏட்டிலும் அதுவே, ஆங்கில ஏட்டிலும் அதுவே, தமிழ் ஏட்டிலும் அதுவே. கோவிந்த் வழக்கறிஞர், பன்னிரண்டு ஆண்டுகள் மாநிலங்கள் அவை உறுப்பினர், பீகார் ஆளுநர். மீரா குமார் அயல்நாட்டுப் பணியிலே பயின்றவர். மக்களவையின் முதல் பெண் தலைவராக 2009 முதல் 2014 வரை அந்த ஆசனத்திலே அமர்ந்து அவையை நடத்தியவர். அவை நடத்திய ஐந்தாண்டு எங்கே போயிற்று? அரசியல் சட்டத்தைப் பற்றி இருவருக்கும் இருந்த கருத்து எங்கே போயிற்று? பிறப்பைப் பேசப் பத்தி பத்தியாக இடமிருந்தது. பணியைப் பேச ஒரு வரிதான் மிஞ்சியது.

இதை மீரா குமாரே செய்தியாளர்களை நேருக்கு நேர் பார்த்துக் கேட்டார். உயர்சாதி எனப்படுவோர் போட்டியிட்ட நாள்களில் அவர்களுடைய தகுதி பேசப்பட்டதே தவிரச் சாதி பேசப்படவில்லை. இன்று நாங்கள் இருவரும் நிற்கும்போது மட்டும் வேறெதுவும் பேசப்படவில்லையே என்றார். அந்தக் கேள்வியையும் ஏடுகள் வெளியிட்டன. வெளியிட்டுவிட்டு, மறுநாள் பழைய தலைப்பையே மீண்டும் போட்டன!

2022இல் இந்தத் துலாக்கோலின் கோணல் இன்னும் தெளிவாகவே தெரிந்தது. யஷ்வந்த் சின்ஹாவை ஏடுகள் அறிமுகப்படுத்தியது எப்படி? முன்னாள் ஐ.ஏ.எஸ். அதிகாரி, முன்னாள் நிதியமைச்சர், முன்னாள் வெளியுறவு அமைச்சர். திரௌபதி முர்முவை? பழங்குடிப் பெண். ஒருவருக்கு வகித்த பதவிகள் அடைமொழி. மற்றவருக்குப் பிறந்த குலம் அடைமொழி. அவரும் ஆசிரியராய், நகர்மன்ற உறுப்பினராய், சட்டமன்ற உறுப்பினராய், ஒடிசா அமைச்சராய், ஜார்க்கண்ட் ஆளுநராய் இருந்தவர்தாமே!

அவர் ஆளுநராக இருந்தபோது நடந்த ஒன்றைச் சொல்கிறேன். பழங்குடியினர் நிலத்தைக் காக்கும் இரு பழைய சட்டங்களைத் திருத்த, அவர் சார்ந்திருந்த கட்சியின் ஆட்சியே ஜார்க்கண்ட் சட்டமன்றத்தில் மசோதா நிறைவேற்றிற்று. மக்கள் கொதித்தனர். 2017இல் முர்மு அவற்றைக் கையொப்பமிடாமல் திருப்பி அனுப்பினார். குடியரசுத் தலைவராக வரப்போகிறவர் எழுதுகோலை எப்படிப் பிடிப்பார் என்பதற்கு இதைவிடச் சான்று உண்டோ? ஆனால் 2022 ஜூனில் நாடெங்கும் அச்சாகிப் பரவிய படம் எது தெரியுமா? ராய்ரங்பூரிலே ஒரு சிவன் கோயிலில் அவர் துடைப்பம் பிடித்துத் தரை பெருக்கும் படம்! கோப்பைத் திருப்பிய கை செய்தியாகவில்லை. கோயிலைக் கூட்டிய கை செய்தியாயிற்று. பழங்குடிப் பெண்ணின் கையிலே துடைப்பத்தைக் கண்டதும் சிலருக்கு ஏன் அத்தனை மனநிறைவு பிறந்தது என்பதை ஆசிரியர் குழுக்கள்தாம் விளக்கவேண்டும்.

‘நாங்கள் என் செய்வோம்? கட்சிகளே சாதியைச் சொல்லித்தானே வேட்பாளரை நிறுத்தின’ என்பர் ஏடு நடத்துவோர். உண்மைதான். கோவிந்தின் பெயரை அறிவித்த கட்சித் தலைவர் அவர் தலித் என்பதை அழுத்திச் சொன்னார். எதிர்த்தரப்பும் அதே கணக்கைப் போட்டுத்தான் மீரா குமாரை நிறுத்திற்று என்று ஊரே பேசிற்று. ஆனால் கட்சிக்காரர் உரைத்ததை அப்படியே ஒலிப்பதற்கு ஒலிபெருக்கி போதுமே. ஆசிரியர் எதற்கு, துணையாசிரியர் எதற்கு, தலையங்கம் எதற்கு?

நம் தோழர்களிலேயே சிலர் வேறொன்று கேட்கக்கூடும்: சாதியைச் சொல்லவே கூடாது என்கிறீரா? ஒடுக்கப்பட்டோர் உயர்வதை ஊரறியச் சொல்வது நம் கொள்கைதானே? ஆம், சொல்லத்தான் வேண்டும். 1950இல் குடியரசான நாட்டில் கே. ஆர். நாராயணன் அந்த மாளிகைக்குள் நுழைய 1997 ஆயிற்று. பழங்குடி ஒருவர் நுழைய 2022 ஆயிற்று. இந்தத் தாமதத்தை எழுதுங்கள், ஏன் என்று கேளுங்கள்! கதவைச் சாத்தி வைத்திருந்தவர் யார் என்று எழுதுவது வரலாறு. கதவைத் திறந்து வந்தவரிடம் அவர் குலத்தைத் தவிர வேறொன்றும் காணாதிருப்பது பழைய பார்வை, புது மையிலே. நாராயணனே இளமையில் சில காலம் செய்தியாளராக இருந்தவர். பதவியேற்ற சில மாதங்களிலேயே உத்தரப் பிரதேச அரசைக் கலைக்கச் சொன்ன அமைச்சரவையின் பரிந்துரையைத் திருப்பி அனுப்பி, தான் ரப்பர் முத்திரை அல்லன் என்று காட்டினார். அந்த நெஞ்சுரத்தை அவருடைய சாதிப் பெயரில் தேடிக் கண்டுபிடிக்க முடியுமா?

இந்தப் பார்வை எங்கிருந்து வருகிறது? 1996இல் பி. என். உனியால் என்ற பத்திரிகையாளர் தலைநகரிலே தலித் செய்தியாளர் ஒருவரையாவது காணலாம் என்று தேடினார். அரசு அங்கீகாரம் பெற்றோர் பட்டியலில் ஒருவரும் அகப்படவில்லை. 2019இல் ஆக்ஸ்பாம் இந்தியாவும் நியூஸ்லாண்ட்ரியும் வெளியிட்ட ஆய்வு, இந்தி, ஆங்கிலச் செய்தி நிறுவனங்களின் தலைமைப் பொறுப்புகள் 121ஐ எண்ணிற்று. உயர்சாதியினர் 106 பேர். தாழ்த்தப்பட்டோரும் பழங்குடியினரும் ஒருவர்கூட இல்லை. குடியரசுத் தலைவர் மாளிகைக்கே போய்விட்ட சமூகம், செய்தி ஆசிரியரின் நாற்காலிக்குப் போக முடியவில்லை!

சொல்லாமல் விடுவதும் சார்புதான். நம் பகுதியின் அம்பத்தூர், ஆவடி, மதுரவாயல், பூவிருந்தவல்லி ஆகிய நான்கு தொகுதிகளின் உறுப்பினர்களுக்கும் 2022 தேர்தலில் தலைக்கு 176 வாக்கு மதிப்பு இருந்தது. உத்தரப் பிரதேச உறுப்பினருக்கு 208. சிக்கிம் உறுப்பினருக்கு 7. கணக்கு 1971 மக்கள்தொகையை வைத்துப் போடப்பட்டது. நம் பெயரால் அளிக்கப்படும் அந்த 176ஐ நம் உறுப்பினர் யாருக்கு அளித்தார், எந்தக் காரணத்துக்காக அளித்தார் என்று கேட்டு எழுதும் வேலையையல்லவா நாளேடு செய்யவேண்டும்? அதைச் செய்ய இடமில்லை. வேட்பாளரின் பூசையைப் பற்றி எழுத இடமிருக்கிறது.

அடுத்த தேர்தல் 2027இல் வரவேண்டும். படிப்பகம் நடத்தும் தோழர்கள் அப்போது ஓர் அடிக்கோலை எடுத்துக்கொள்ளட்டும். நான்கு நாளேடுகளை மேசைமீது விரித்து, வேட்பாளரின் பிறப்புக்கும் குடும்பத்துக்கும் கோயிலுக்கும் எத்தனை அங்குலம், அவர் இட்ட கையொப்பத்துக்கும் இட மறுத்த கையொப்பத்துக்கும் எத்தனை அங்குலம் என்று அளக்கட்டும். அளந்த கணக்கை வாசலில் உள்ள கரும்பலகையில், ஏட்டின் பெயரோடு எழுதி வைக்கட்டும்.