பத்துச் சொட்டுக் கறுப்பு

ரால்ஃப் எல்லிஸனின் 'இன்விஸிபிள் மேன்' (1952) நாவலில் வரும் பெயிண்ட் தொழிற்சாலை அத்தியாயத்தைக் குறியீடு என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். வெள்ளை பெயிண்ட் வாளி ஒவ்வொன்றிலும் பத்துச் சொட்டுக் கறுப்புத் திரவம் விட்டுக் கலக்க வேண்டும். கறுப்பு மறைந்து வெண்மை இன்னும் வெண்மையாகும். அமெரிக்கா இதுதான், ஆயிற்று. முதல் வாசிப்பில் நானும் இப்படித்தான் சந்தோஷப்பட்டேன். குறியீட்டைக் கண்டுபிடித்துவிட்ட வாசகனின் சந்தோஷம், கொஞ்சம் மலிவானது.

இரண்டாம் வாசிப்பில் கண்ணில் பட்டது கூலிக் கணக்கு. கறுப்பு இளைஞர்களை அங்கே எடுப்பது சங்கக் கூலியைத் தவிர்க்கத்தான் என்று அலுவலகப் பையன் ஒருவன் போகிறபோக்கில் சொல்கிறான். அந்த வாக்கியம் இல்லையென்றால் சொட்டுகள் வெறும் அலங்காரம். கதைசொல்லி கீழ்த்தளத்துக்கு அனுப்பப்படுகிறான். அங்கே லூஸியஸ் பிராக்வே என்ற கறுப்புக் கிழவர். தன் கை படாமல் அந்த வெண்மை கிடையாது என்ற பெருமை, சங்கத்தின் மேல் தீராத வெறுப்பு. சாப்பாட்டை எடுக்கப் போனவன் சங்கக் கூட்டத்தில் மாட்டிக்கொள்கிறான். பிராக்வேயின் ஆள், ஆகவே கருங்காலி என்று சந்தேகிக்கிறார்கள். (நம் மொழியும் துரோகிக்கு ஒரு கறுப்பு மரத்தின் பெயரைத்தான் வைத்திருக்கிறது.) திரும்பி வந்தால் கிழவர் அவனைச் சங்கத்து ஆள் என்று அடிக்க வருகிறார். இரண்டு பக்கமும் அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

இது கற்பனையின் மிகை அல்ல. வட கரோலினாவில் டியூக் பவர் கம்பெனியின் மின்நிலையம் ஒன்றில் 95 பேரில் 14 பேர் கறுப்பர்கள். அவர்களுக்குக் கூலிப் பிரிவு மட்டும். அதன் உச்சச் சம்பளம் மற்ற நான்கு பிரிவுகளின் அடிமட்டச் சம்பளத்தை எட்டவில்லை. 1964ஆம் வருஷத்துச் சிவில் உரிமைச் சட்டத்தின் வேலை பற்றிய பகுதி 1965 ஜூலை 2 அன்று அமலுக்கு வந்தது. அன்றைக்கே நிர்வாகம், மற்றப் பிரிவுகளில் புதிதாகச் சேர இரண்டு பரீட்சைகளைக் கொண்டுவந்தது. பள்ளிப் படிப்பை முடிக்காத பழைய வெள்ளைக்காரர்கள் அதே வேலைகளை ஒழுங்காகவே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வேலைக்கும் பரீட்சைக்கும் சம்பந்தம் காட்டப்படவில்லை என்று உச்ச நீதிமன்றம் கிரிக்ஸ் வழக்கில் சொன்னது 1971இல். வினாத்தாளில் நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை இருந்திருக்காது. கலக்கினால் காணாமல் போகிற சொட்டு.

எல்லிஸனிடம் எனக்குக் குறை உண்டு. கொதிகலனை வெடிக்கவைத்து, ஆஸ்பத்திரி, மின் அதிர்ச்சி, மறுபிறவி என்று அவரே குறியீட்டுக்குத் தாவிவிடுகிறார். சங்கக் கூட்டத்தில் அவனை இன்னும் அரைமணி நேரம் நிற்க வைத்திருக்கலாம்.