இரண்டு நாளில் ஒன்பது இடங்கள்

நூல்களுக்கு மதிப்புரை எழுதுகிறோம். நாடகத்துக்கும் திரைப்படத்துக்கும் எழுதுகிறோம். கல்லூரி அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும் ஒரு பக்கச் சுற்றுலா நிரலுக்கு மட்டும் யாரும் எழுதுவதில்லை. அதன் ஒவ்வொரு வரியையும் ஐம்பது பேர் இரண்டு நாள் அப்படியே நடத்திக் காட்டுகிறார்கள் என்று எண்ணிப் பார்த்தால், அதுவும் ஆராயத் தகுந்த எழுத்துத்தான்.

மதுரைப் பக்கத்தில் நீங்கள் அடிக்கடி காணக்கூடியது, மூணாறை அடுத்த இரவிகுளம் தேசியப் பூங்காவுக்கான நிரல். அதன் பொது வடிவம் இது: சனிக்கிழமை அதிகாலை 4 மணிக்குப் புறப்பாடு; 9 மணிக்கு மூணாறு; மாட்டுப்பட்டி அணை, எதிரொலி முனை, குண்டளை ஏரி, டாப் ஸ்டேஷன்; இரவு தங்கல். ஞாயிறு காலை தேயிலை அருங்காட்சியகம், பூந்தோட்டம், கடைவீதி. பகல் 12 மணிக்கு இரவிகுளம். வழியில் ஓர் அருவி. இரவு 10 மணிக்கு மதுரை. ஆக ஒன்பது இடங்கள்.

இதில் பாராட்டத் தக்கதும் உண்டு. செலவு குறைவு, ஒரே ஓர் இரவு வாடகை, திங்கட்கிழமை வகுப்புக்கு வந்துவிடலாம். "என்னென்ன பார்ப்பீர்கள்?" என்று கேட்கும் பெற்றோருக்குக் காட்டவும் பட்டியல் நீளமாக இருக்கிறது. ஆனால் மலையைத் தட்டையான தாள்போல் எண்ணி எழுதப்பட்ட நிரல் இது. சமவெளியில் ஓரிடத்தைக் குறிக்கத் தூரம் போதும். மலையிலோ உயரத்தையும் பொழுதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

சாலையையே எடுத்துக்கொள்ளுங்கள். மதுரை கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 100 மீட்டரில் உள்ளது. தேனி வழியாகப் போடிநாயக்கனூர் வரை ஏறத்தாழ 90 கிலோமீட்டர். அவ்வளவு தூரத்திலும் ஏறுவது 250 மீட்டர் அளவே. அதன் பின் போடிமெட்டு வரை சுமார் 25 கிலோமீட்டரில், 17 கொண்டை ஊசி வளைவுகளில், 1000 மீட்டர் ஏறுகிறோம். இவ்விரண்டு பகுதிகளுக்கும் ஒரே சராசரி வேகத்தைப் போட்டுக் கணக்கிடுவதால்தான் 9 மணிக்கு மூணாறு என்பது தாளிலேயே நின்றுவிடுகிறது. அதிகாலையில் அவசரமாக உண்ட இட்லியும் பாதி மாணவர்களிடம் தங்குவதில்லை. உட்செவியின் அரைவட்டக் குழல்களில் உள்ள திரவம் உடல் திரும்புவதை மூளைக்குச் சொல்கிறது. முன் இருக்கையின் முதுகையே பார்த்துக்கொண்டிருக்கும் கண்ணோ அசைவே இல்லை என்கிறது. இந்த முரண்பாடுதான் குமட்டல். ஓட்டுநருக்கு அது வருவதில்லை, கவனித்தீர்களா? அடுத்த வளைவை அவர் முன்கூட்டியே அறிவார்.

"ஸ்வெட்டர் கொண்டுவரவும்" என்று நிரலின் அடியில் ஒரு வரி இருக்கும். தட்பவெப்பம் பற்றி அதில் உள்ள ஒரே செய்தி அதுதான். உயரம் 1000 மீட்டர் கூடினால் வெப்பநிலை சராசரியாக 6.5 பாகை செல்சியஸ் குறையும். பூங்காவில் பார்வையாளருக்குத் திறந்துள்ள ராஜமலைப் பகுதி ஏறத்தாழ 2000 மீட்டர் உயரம். மதுரையில் 35 பாகை என்றால் அங்கே 23 பாகை அளவு. நண்பகலில் ஸ்வெட்டர் சுமைதான். ஆனால் மேலே காற்று மெல்லியது, புற ஊதாக் கதிர் ஒவ்வொரு 1000 மீட்டருக்கும் சுமார் பத்து விழுக்காடு கூடுகிறது. ஆகவே குளிர்ச்சியாக உணரும்போதே தோல் கருகும். பகலுக்கு வேண்டியது தொப்பி. டிசம்பர், ஜனவரி இரவுகளிலோ தெளிந்த வானத்தை நோக்கித் தரை தன் வெப்பத்தை வீசிவிடுகிறது, குளிர்ந்த கனமான காற்று பள்ளங்களில் வந்து தேங்குகிறது. உங்கள் தலை உயரத்தில் வெப்பமானி 3 பாகை காட்டும்போதே புல்நுனியில் உறைபனி படிந்திருக்கலாம்.

இனி இரவிகுளத்துக்கு ஒதுக்கிய பொழுதைப் பாருங்கள்: பகல் 12. வெயில் ஏற ஏற மலைச்சரிவு சூடாகிறது. அதை ஒட்டிய காற்று மேலெழுகிறது. பள்ளத்தாக்கின் ஈரக்காற்று அதன்பின் ஏறிவந்து, விரிந்து, குளிர்ந்து, மேகமாகிறது. காலையில் தெளிவாக நின்ற ஆனைமுடி, தென்னிந்தியாவின் மிக உயர்ந்த சிகரம், 2695 மீட்டர், பிற்பகலில் மறைந்துபோவது பல நாளும் நிகழ்வது. 1975-இல் சரணாலயமாகவும் 1978-இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்ட இந்த 97 சதுர கிலோமீட்டர்தான், தமிழ்நாட்டின் மாநில விலங்கான வரையாடு மிகுதியாக வாழும் இடம். வரையாடு காலையிலும் மாலையிலும் மேயும். உச்சிவேளையில் பாறையோரம் படுத்து அசைபோடும். தெளிந்த காலையைக் கடைவீதிக்கும் அருங்காட்சியகத்துக்கும் கொடுத்துவிட்டு, மேகம் ஏறும் வேளையில், வனத்துறைப் பேருந்துக்கு வரிசை மிக நீளும் நேரத்தில், மாணவர்களைப் பூங்காவாயிலில் கொண்டு நிறுத்துவது என்ன திட்டம்? அணையை மேகத்திலும் பார்க்கலாமே!

டாப் ஸ்டேஷனுக்கு அரைமணி, அதுவும் "காட்சிமுனை" என்ற ஒரே சொல்லுடன். ஒரு காலத்தில் தேயிலைப் பெட்டிகள் அங்கிருந்து கம்பிவடத்தில் கொட்டகுடிக்கு இறங்கிப் போடிக்குச் சென்றன. பெயரே அதனால் வந்தது. அதை ஒரு வரியில் சொல்லியிருக்கலாம்.

மாதம் பற்றி நிரல் வாய் திறப்பதே இல்லை. இதுதான் எனக்குப் பொறுக்காதது. வரையாடு குட்டி ஈனும் பருவத்தில், பொதுவாகப் பிப்ரவரி, மார்ச்சில், பூங்கா மூடப்படும். நம் கல்லூரிகள் தேர்வுக்கு முன் சுற்றுலா கிளம்புவதும் அப்போதுதான். நீலக்குறிஞ்சி காணலாம் என்று ஆண்டுதோறும் அச்சிடுகிறார்கள். அது பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பெருமளவில் பூப்பது. 2018-இல் பூத்தது, அடுத்து 2030. ஜூன் முதல் ஆகஸ்டு வரை தென்மேற்குப் பருவக்காற்று தன் ஈரத்தை மேற்குச் சரிவில் கொட்டிவிட்டு வறண்டு நம் பக்கம் இறங்குகிறது. மதுரை வானத்தைப் பார்த்து மூணாற்று மழையை மதிப்பிட முடியாது. பூங்காவை அடுத்த பெட்டிமுடியில் 2020 ஆகஸ்டு 6 இரவு நிலச்சரிவில் தேயிலைத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த சுமார் 70 பேர் மாண்டனர்.

மார்ச்சின் அபாயம் வேறு வகை. 2018 மார்ச் 11-ஆம் நாள், கொழுக்குமலையிலிருந்து குரங்கணிக்கு இறங்கிய மலையேற்றக் குழுவினர் காட்டுத்தீயில் சிக்கினர்; இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். குரங்கணி போடிக்கு மிக அருகே உள்ள ஊர். காய்ந்த புற்சரிவில் தீ எப்படிப் பரவும் என்பதை ஒவ்வொரு மாணவரும் அறிந்திருக்க வேண்டும். சூடான வாயு மேலெழுந்து மேலுள்ள புல்லை முன்கூட்டியே உலர்த்துகிறது. சுடரும் சரிவை நோக்கிச் சாய்கிறது. சரிவு 10 பாகை கூடும்தோறும் தீயின் வேகம் ஏறத்தாழ இருமடங்காகும் என்பது தோராயமான விதி. 30 பாகைச் சரிவில் எட்டு மடங்கு. மனிதனின் வேகமோ ஏற்றத்தில் குறைகிறது. மேல்நோக்கி ஓடித் தீயை வெல்ல முடியாது. அதன்பின் தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வந்தன. ஆனால் "நேரமிருந்தால் மலையேற்றம்" என்ற வரியை இன்றும் சில நிரல்களில் பார்க்கலாம். நேரமிருந்தால்! அனுமதியும் வழிகாட்டியும் இருந்தால் என்றல்லவா எழுதவேண்டும்?

அதே இரண்டு நாளில் நான் எழுதினால் மூன்றே இடம் வைப்பேன். சனி காலை உணவு முடித்து 7 மணிக்குப் புறப்பாடு; போடியில் அரைமணி ஓய்வு; பகல் வெளிச்சத்தில் மலைச்சாலை; பிற்பகல் மாட்டுப்பட்டி அணை மட்டும். ஞாயிறு காலை, முன்பதிவு செய்த முதல் பேருந்தில் ராஜமலை; அங்கே மூன்று மணிநேரம். பிறகு தேயிலை அருங்காட்சியகம், உணவு, இருட்டுமுன் போடி. மாதம் அக்டோபர் கடைசியோ ஜனவரியோ. அக்டோபரானால் வடகிழக்குப் பருவமழை எச்சரிக்கையைக் கேட்டுக்கொண்டு. ஒரு வெப்பமானியும், அழுத்தமானி பொருந்திய கைப்பேசி ஒன்றும் போதும்: மதுரை, போடி, போடிமெட்டு, மூணாறு, ராஜமலை ஆகிய ஐந்து இடத்திலும் அளந்து வரைபடம் போடுங்கள். மூணாற்று விடுதியில் தேநீருக்கு வைத்த நீர் 95 பாகையிலேயே கொதிப்பதையும் பார்த்துக்கொள்ளலாம்.

புறப்படுமுன் விடுதியில் ஒரு காலிப் பிளாஸ்டிக் புட்டியை இறுக மூடி வையுங்கள். மூணாற்றில் காற்றழுத்தம் ஏறத்தாழ 845 மில்லிபார், போடியில் 970. இறங்க இறங்கப் புட்டி ஒடுங்கும். அழுத்தம் மட்டும் என்றால் கன அளவு எட்டில் ஒரு பங்கு குறையவேண்டும்; போடியின் வெயில் அதில் சிறிது திருப்பித் தரும். எவ்வளவு என்பதைப் பேருந்திலேயே கணக்கிட்டுப் பாருங்கள். கொண்டை ஊசி வளைவுகளில் மட்டும் தலைகுனிந்து எழுதாதீர்கள்.